ஒப்பிட ஒரு வயல் கிடைக்கவில்லை

பெரம்பலூர்ப் பக்கம் மானாவாரிக் கரிசல் காடுகளில் சில பருவங்கள் கள உதவியாளனாக வேலை பார்த்தேன். பி.டி. பருத்தி, அதாவது மண் பாக்டீரியா ஒன்றின் மரபணு சேர்த்து, காய்ப்புழுவைக் கொல்லும் புரதத்தைத் தானே உண்டாக்கும்படி செய்த பருத்தி, காட்டுத் தேனீக்களைப் பாதிக்கிறதா என்பதுதான் ஆய்வு. பூ விரிந்திருக்கும் காலை வேளையில் வரிசைக்குள் மெதுவாக நடந்து, பூவுக்கு வருவதையெல்லாம் எண்ண வேண்டும். நீலம், மஞ்சள், வெள்ளைக் கிண்ணங்களில் சோப்புத் தண்ணீர் ஊற்றி வரப்பில் வைத்து, விழுந்தவற்றைச் சேகரிக்க வேண்டும்.

வந்தவை பெட்டியில் வளர்க்கும் தேனீக்கள் அல்ல. கொம்புத்தேனீ, கொசுத்தேனீ, வயிற்றில் நீலப்பட்டை போட்ட அமெகில்லா, வண்டு என்றே எல்லோரும் நினைக்கும் பெரிய கறுப்பு சைலோகோப்பா, இலையை வட்டமாக வெட்டிக்கொண்டு போகும் மெகாகைல். இவற்றில் பல தனியாக வாழ்பவை. வரப்பு மண்ணிலோ காய்ந்த தண்டிலோ கூடு வைக்கும். ராணி, வேலைக்காரி என்று எதுவும் இல்லை; எல்லாம் ஒரே தாய் பார்க்கும் வேலை.

பி.டி. வயலையும் பி.டி. இல்லாத வயலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் திட்டம். அங்கேதான் சிக்கல். 2002-ல் அனுமதி கிடைத்த பி.டி. பருத்தி, சில ஆண்டுகளிலேயே நாட்டின் பருத்திப் பரப்பில் 90 சதவீதத்துக்கு மேல் பிடித்துவிட்டது. ஒப்பிட வயல் எங்கே போய்த் தேடுவது? அப்போது 450 கிராம் பி.டி. விதையோடு 120 கிராம் சாதா விதையும் தனிப் பொட்டலமாக வந்தது. புழுக்களுக்கு எதிர்ப்புத்திறன் வராமலிருக்க அதைச் சுற்றிலும் விதைக்க வேண்டும் என்பது அப்போதைய விதி. அதைப் பற்றி ஒரு பெரியவரிடம் கேட்டேன். "அதுலதான் புழு விழும்னு சொன்னாங்க. காசு குடுத்து யாரு தம்பி புழு வளப்பாங்க?" என்றார். அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க எனக்கு வாய் வரவில்லை. பிறகு இளஞ்சிவப்புக் காய்ப்புழு எதிர்ப்புத்திறன் பெற்றுத் திரும்பி வந்தது வேறு கதை.

பி.டி. புரதத்தின் மேல் எனக்குப் பெரிய சந்தேகம் இல்லை. காய்ப்புழுவின் குடலில் அது ஒட்டிக்கொள்ள ஏற்பிகள் இருக்கின்றன. ஒட்டிக் குடலைத் துளைக்கிறது. தேனீக்கு அப்படிப்பட்ட குடல் இல்லை. 25 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2008-ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வும் தேனீயின் உயிர்பிழைப்பில் பாதிப்பு காணவில்லை. ஆனால் அதில் சோதிக்கப்பட்டது வளர்ப்புத் தேனீ. அதன் புழுவுக்குச் செவிலித் தேனீக்கள் சுரந்து தரும் பால்தான் பெரும்பங்கு உணவு. தனித் தேனீயின் புழுவோ தாய் உருட்டி வைத்த மகரந்த உருண்டையை அப்படியே தின்று வளர்கிறது. வளர்ப்புத் தேனீயை வைத்து எல்லாத் தேனீக்கும் தீர்ப்பு சொல்லிவிடுவது அவசரம் என்பது என் கருத்து.

எனக்கு உறுத்தியது விதையின் மேல் பூசியிருந்த வண்ணம். அதில் இமிடாகுளோபிரிட் இருந்தது. வேர் வழியாகச் செடி முழுக்கப் பரவும் பூச்சி மருந்து அது. பூந்தேனிலும் மகரந்தத்திலும் வந்து சேரக்கூடியது. ஐரோப்பிய ஒன்றியம் 2018-ல் திறந்தவெளிப் பயிர்களில் அதைத் தடை செய்தது. இங்கே விதை முளைப்பதற்கு முன்பே அது வயலுக்குள் வந்துவிடுகிறது. மரபணுவைப் பற்றிக் கூட்டம் கூட்டமாகச் சண்டை போட்டவர்கள் இந்தப் பூச்சைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

அப்புறம் தெளிப்பு. பி.டி. வந்த புதிதில் காய்ப்புழு மருந்து குறைந்தது உண்மை. அது தேனீக்கும் நல்லதுதான். ஆனால் தத்துப்பூச்சி, அசுவினி, வெள்ளை ஈ போன்ற சாறு உறிஞ்சிகளை அந்தப் புரதம் ஒன்றும் செய்யாது. அவற்றுக்காக மறுபடி டேங்க் தோளில் ஏறியது. காலையில் மருந்தடித்த வயலில் மறுநாள் கிண்ணங்கள் ஏறக்குறைய காலியாகக் கிடக்கும். அது என்ன ரகம் என்பதைவிட, முந்தின நாள் என்ன அடித்தார்கள் என்பதே எண்ணிக்கையைத் தீர்மானிப்பதாக எனக்குப் பட்டது. கணக்குத் தாளில் மருந்தின் பெயர், அடித்த நேரம் என்று இரண்டு கட்டங்கள் சேர்க்கச் சொன்னேன், சேர்த்தார்கள்.

பருத்திப் பூ காலையில் விரிந்து சாயங்காலம் சுருங்கிவிடும், மருந்தைச் சாயங்காலம் அடியுங்கள் என்று அதே பெரியவரிடம் சொல்லிப் பார்த்தேன். பூக்கிற காலம் ஐப்பசி, கார்த்திகை. மழை பெரும்பாலும் சாயங்காலம்தான் பிடிக்கும். அடித்த மருந்து கழுவிக்கொண்டு போய்விடும். மருந்தடிக்கும் ஆளும் டேங்க் கணக்கில் கூலி வாங்குபவர், காலையிலேயே நாலு காடு முடிக்க வேண்டும். "மழை இல்லாத நாளாப் பாத்து அடிக்கிறேன்" என்றார். சரி என்று கேட்டுக்கொண்டு அடுத்த காட்டுக்குக் கிண்ணம் வைக்கப் போனேன்.