இறுவட்டில் இடம் காணுமா?

வெள்ளவத்தையில் அரங்கேற்றக் காணொளி தயாரிக்கும் தம்பி, தங்கைமாரே, கோப்பு எவ்வளவு பெரிதாகும் என்று என்கோடிங் முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பிட்ரேட்டை, அதாவது ஒரு நொடிக்குச் செலவாகும் பிட்களின் எண்ணிக்கையை, நொடிகளால் பெருக்கி எட்டால் வகுத்தால் பைட் கணக்கு வந்துவிடும்.

ஒற்றை அடுக்கு டிவிடியில் 4.7 ஜிபி என்று அச்சிட்டிருப்பது 470 கோடி பைட். கணினி ஆயிரத்துக்குப் பதில் 1,024ஆல் வகுத்து எண்ணுவதால் அதையே 4.37 என்று காட்டும், குழம்ப வேண்டாம். மூன்று மணிநேர நிகழ்ச்சி என்றால் 10,800 நொடிகள். நொடிக்கு ஏறக்குறைய 3,480 கிலோபிட்தான் கிடைக்கும். ஒலியைச் சுருக்காமல் பிசிஎம்மாக விட்டால் அதுவே 1,536ஐ விழுங்கிவிடும். நட்டுவாங்கத் தாளம் துல்லியமாகக் கேட்கும். தில்லானாவில் பிள்ளையின் விரல்களோ கட்டம் கட்டமாகச் சிதறும். எனக்கு அது பொறுக்காது! ஒலியைச் சுருக்கும் டொல்பி டிஜிட்டலில் 256 தாராளம். மெனுவுக்கும் மற்றவற்றுக்கும் நூற்றுக்கு நான்கு ஒதுக்கினால் படத்துக்குச் சுமார் 3,080 மிஞ்சும்.

இருமுறை ஓடும் விபிஆரையே, அதாவது இடத்துக்கு இடம் மாறும் பிட்ரேட்டையே, தேர்ந்தெடுங்கள். முதல் ஓட்டம் அசைவு மிகுந்த இடங்களை அளக்கும். இரண்டாவது அதற்கேற்பப் பிட்களைப் பங்கிடும். மொத்த அளவு நீங்கள் கேட்டதை ஒட்டியே நிற்கும். மாறாத் தரம் என்ற தெரிவில் அந்த உறுதி இல்லை.

கனடாவில் அம்மம்மா பார்க்கப்போகும் இறுவட்டு என்றால், 8.5 ஜிபி இரட்டை அடுக்கையே வாங்குங்கள். ஆனால் அவருடைய பிளேயர் அதைப் படிக்கிறதா என்று முதலில் கேட்டுவிடுங்கள்.