விளையாட்டுப் பெட்டியில் ஓர் உலாவி

விளையாட்டுப் பெட்டிகளிலும் இணைய உலாவி இருக்க வேண்டும் என்பேன். தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டுக் கணினி பழுதாகிக் கிடந்த மாதங்களில், பிளேஸ்டேஷன் 4 விளையாட்டுப் பெட்டியின் உலாவியில்தான் தைப்பூசக் காவடி நேரலையை என் பாட்டி ஆயாவுக்குக் காட்டினேன். கைப்பிடியால் ஒவ்வோர் எழுத்தாக நகர்ந்து முகவரியைத் தட்டி முடிப்பதற்குள் காவடியே இறங்கிவிடும் என்று அவர் சிரித்தார்.

2020-இல் வந்த பிளேஸ்டேஷன் 5-இல் உலாவிக்கெனத் தனிச் செயலி இல்லை. நின்டென்டோ ஸ்விட்சோ பொது வைஃபையின் உள்நுழைவுப் பக்கம் போன்ற சிலவற்றுக்கு மட்டுமே அதை மறைவாக வைத்திருந்தது. எக்ஸ்பாக்ஸில் எட்ஜ் என்னும் உலாவி உண்டு. மற்றவை உலாவியை ஒதுக்கும் காரணம் புரியாததன்று: பிளேஸ்டேஷன் 4-இன் பாதுகாப்பை உடைத்தவர்கள் பலமுறை நுழைந்த வாசல், அதன் உலாவிக்கு அடிப்படையான வெப்கிட்டில் இருந்த ஓட்டைகளே. ஆயினும், எல்லோரிடமும் கைபேசி இருக்கிறதே என்னும் வாதம், அச்சிறு திரையில் காவடியையும் கூட்டத்தையும் பிரித்தறிய முடியாத ஆயாவின் கண்களுக்குப் பொருந்தாது. ஓட்டைகளுக்கு அஞ்சுபவர் உலாவியை அணைத்துவைக்க ஒரு பொத்தான் போதும்.