காது மெஷின்: விலையைச் சொல்லாமல் போட்டுப் பார்த்தோம்

காது மெஷின் கடையில் முதலில் எடுத்துச் சொல்வது சேனல் எண்ணிக்கையைத்தான், அதாவது சத்தத்தை எத்தனை சுருதிப் பகுதிகளாகப் பிரித்துத் தனித்தனியே சரிசெய்ய முடியும் என்பதை. ஒரே கம்பெனியில் அடிப்படை ரகமும் உயர்ரகமும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்; எந்தெந்த வசதி உள்ளே திறந்திருக்கிறது என்பதில்தான் விலை ஏறும்.

அப்பாவுக்கு இரண்டையும் ட்ரயலுக்குக் கேட்டு வாங்கினோம், ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாரம் என்று கணக்கு. எது எந்த விலை என்று அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் விலை கூடியதுதான் நன்றாகக் கேட்கிறது என்று தோன்றிவிடும். அமெரிக்காவில் மெம்பிஸ் பல்கலைக்கழகத்தின் ராபின் காக்ஸ் குழு 2014இல் வெளியிட்ட ஆய்வும் இதே வழிதான்: லேசான, நடுத்தரக் குறைபாடுள்ள முதியவர்கள், ஒவ்வொரு மெஷினும் ஒரு மாதம். பேச்சு புரிவதில் இரண்டு ரகத்துக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

ஒரே ஆடியாலஜிஸ்ட் (செவித்திறன் நிபுணர்), ஒரே ஆடியோகிராமை (கேட்கும் திறனைச் சோதித்த வரைபடம்) வைத்து இரண்டையும் செட் செய்ய வேண்டும். காதுக்குள் மெல்லிய குழாய் விட்டு, செவிப்பறைக்கருகே எத்தனை டெசிபல் சேர்கிறது என்று அளக்கச் சொல்லுங்கள். இதை விட்டால் நீங்கள் ஒப்பிடுவது மெஷினை அல்ல, வால்யூமை.

மிக்ஸி ஓடும்போது, பஸ்ஸில், போனில் என்று தனித்தனியே குறித்து வைத்தோம். பேச்சு இரண்டிலும் ஒரே அளவில்தான் புரிந்தது. எவர்சில்வர் தட்டை சிங்கில் போடும்போது மட்டும் அடிப்படை ரகத்தில் அப்பா முகத்தைச் சுளித்தார். உயர்ரகத்தில் அந்தச் சத்தம் அமுங்கி வந்தது. அதிகப் பணம் வாங்கித் தருவது பெரும்பாலும் இந்தச் சௌகரியத்தைத்தான். மெஷின் வெளிவிடும் சத்தத்தின் உச்ச அளவைக் குறைத்து மறுபடி செட் செய்ததும் அடிப்படை ரகத்திலும் சுளிப்பு குறைந்தது. அதையே இரண்டு காதுக்கும் வாங்கினோம். சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரிய இரண்டும் வேண்டும்.

கீச்சென்று கத்தினால் மெஷினைக் குறை சொல்லாதீர்கள். காதுக்குள் போகும் ரப்பர் டோம் அளவு சிறியதாக இருக்கலாம், குறும்பி அடைத்திருக்கலாம். சத்தமே வராவிட்டால் முதலில் குறும்பி ஃபில்டரை மாற்றிப் பாருங்கள். 312 என்ற அளவுள்ள பட்டன் பேட்டரி காற்றுப்பட்டால்தான் வேலை செய்யும்; அதன் பழுப்பு ஸ்டிக்கரை உரித்தபின் சில நிமிடம் காற்றுப்பட விட்டுப் போடுங்கள். உரித்ததைத் திரும்ப ஒட்டி வைத்தாலும் தீர்ந்துகொண்டேதான் இருக்கும். வியர்வை ஊறும் ஊரில் இரவில் பேட்டரியைக் கழற்றிவிட்டு, மெஷினை மட்டும் சிலிக்கா ஜெல் டப்பாவில் வையுங்கள்.

ட்ரயல் முடியும் தேதியையும், திருப்பிக் கொடுத்தால் பிடிக்கும் தொகையையும் பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.