கன்று நட்ட பிறகுதான் வேலை

பூங்காவில் மரக்கன்று நடும் நாளில் மாணவர் கூட்டத்துக்குக் குறைவிருக்காது. கன்று காய்வது பெரும்பாலும் அடுத்து வரும் விடுமுறையில். அப்போது யார் தண்ணீர் ஊற்றுவது என்பதை நடும்போதே எழுதி வையுங்கள்.

தினம் ஒரு குவளை ஊற்றினால் மேல்மண்தான் நனையும், வேரும் மேலேயே சுற்றும். மழையில்லாத நாட்களில் வாரம் இருமுறை 10 முதல் 15 லிட்டர் மெதுவாக விடுங்கள். அதற்கு முன் மண்ணில் விரலை விட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் அன்று வேண்டாம். நாட்டு மரம்தானே, தானாக வளரும் என்பதெல்லாம் வேர் இறங்கிய பிறகு.

மண்மேல் பரப்பும் காய்ந்த இலை மூடாக்கு 5 முதல் 8 செ.மீ. உயரம் போதும். தண்டிலிருந்து நான்கு விரல் தள்ளிப் பரப்புங்கள். தண்டோடு குவித்தால் பட்டை அழுகும்.

சுற்றிலும் அரை மீட்டர் புல்லைக் கையால்தான் பிடுங்க வேண்டும். புல்வெட்டியின் நைலான் இழை தண்டைச் சுற்றிப் பட்டையை உரித்துவிட்டால், கன்று சில வாரம் பச்சையாக நின்று ஏமாற்றிவிட்டுக் காயும். இளங்கன்றுகளுக்கு இதைவிடப் பெரிய எதிரி ஆடுதான். அதைத் தடுக்கக் கன்றைச் சுற்றிக் கூண்டு வேண்டும்.

கன்றை ஊன்றுகோலோடு துணிப்பட்டையால் எட்டு வடிவில் தளர்வாகக் கட்டுங்கள். ஓராண்டில் கோலை எடுத்துவிடலாம். காற்றில் ஆடினால்தான் தண்டு தடிக்கும்.