கேசட்டில் பாட்டு வராது

மேற்கு ஆஸ்திரேலியாவில் பெர்த்திலிருந்து வடக்கே எக்ஸ்மவுத் கிட்டத்தட்ட 1,250 கிலோமீட்டர். ஊரிலிருந்து மாமாவும் அத்தையும் வந்திருக்கிறார்களே, கடலோரமாக மெதுவாகப் போவோம், மோட்டார்ஹோம் எடுத்தால் அடுப்பு, படுக்கை, கக்கூஸ் எல்லாம் நம் கூடவே வரும் என்று சொன்னது நான்தான். மார்ச் மாதத்தில் வாடகை ஏன் இவ்வளவு மலிவு என்று மட்டும் யோசிக்கவில்லை. வழியில் ஜெரால்டன் என்ற ஊரைத் தாண்டிக் கதவைத் திறந்ததும் தெரிந்தது. வெயில், அப்புறம் ஈ. மூக்கு, காது, கண் என்று ஈரம் இருக்கும் இடமெல்லாம் அதற்குச் சொந்தம்.

மாமா திருநெல்வேலி-நாகர்கோவில் ரூட்டில் 28 வருடம் அரசு பஸ் ஓட்டியவர். ஊருக்கு வெளியே ராத்திரியில் ஓட்டக்கூடாது என்று வாடகை ஒப்பந்தத்தில் இருந்ததைப் படித்துக் காட்டியபோதே அவருக்கு மனசு விட்டுப்போனது. "நைட் சர்வீஸ் ஓட்டாதவன் என்ன டிரைவர் மாப்ள?" இருட்டினால் கங்காரு குறுக்கே பாயும் என்றேன். நம் ஊரில் எருமை பாயாதா என்றார். சரிதான்.

ஜெரால்டனுக்கு வடக்கே சாலை ஒரே நேர்க்கோடு. எதிரே ஒரு வண்டி வந்தால் அது அன்றைய செய்தி. அப்படி வருகிறவர்கள் ஸ்டியரிங்கிலிருந்து ஒற்றை விரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போவார்கள். நான் கவனிக்கவில்லை, மாமா கவனித்தார். "அவன் நமக்குக் கை காட்டுதான், நீங்க பாட்டுக்குச் சும்மா வாரீங்களே?" எதிர் பஸ்காரருக்குக் கை காட்டாமல் போனால் டிப்போவில் பேச்சாகிவிடுமாம். அதிலிருந்து அந்த இலாகாவை அவரே எடுத்துக்கொண்டார், இடப்பக்க சீட்டில் விரலைத் தயாராக வைத்துக்கொண்டு. ரோட் டிரெய்ன் என்று ஒன்று வரும், லாரிக்குப் பின்னால் மூன்று நான்கு டிரெய்லர் கோத்தது, 50 மீட்டருக்கு மேலேயே நீளம் இருக்கலாம். நம் ஊர் பஸ் நாலை வரிசையாக நிறுத்தினாலும் அவ்வளவு நீளம் வராது. அது கடந்து போகும்போது காற்று நம் வண்டியை ஒரு பக்கம் இழுத்து மறுபக்கம் தள்ளும். அதன் டிரைவர் மாமாவின் விரலுக்குப் பதிலாக ஹாரன் அடித்தார். அத்தையிடம் அதை மூன்று முறை சொன்னார் மாமா. அத்தையும் வண்டியில்தான் இருந்தார்.

இரண்டாம் நாள் மதியம் அந்த வாடை ஆரம்பித்தது. புளித்த, சூடான, நெஞ்சைப் பிடிக்கிற வாடை. யாரும் எதுவும் சொல்லவில்லை. எல்லோரும் கக்கூஸின் சின்னக் கதவைப் பார்த்தார்கள், அப்புறம் என்னைப் பார்த்தார்கள்.

மோட்டார்ஹோம் கக்கூஸுக்கு அடியில் ஒரு தொட்டி உண்டு, பெயர் கேசட். ("பாட்டு கேக்கதுன்னுல்லா நெனச்சேன்" என்றார் அத்தை.) வண்டிக்கு வெளியே ஒரு சின்னக் கதவைத் திறந்து அதை உருவ வேண்டும். சக்கரம், கைப்பிடி எல்லாம் உண்டு, ஏர்போர்ட்டில் பெட்டி இழுப்பது மாதிரி இழுத்துக்கொண்டு போய் அதற்கென்று இருக்கும் குழியில் கவிழ்க்க வேண்டும்.

வழியில் ஷெல் பீச். மணலே இல்லை, சுண்டுவிரல் நகம் அளவு வெள்ளைச் சிப்பிதான் பல மீட்டர் ஆழத்துக்கு. அங்கே கடலில் உப்பு அதிகம், சிப்பியைத் தின்னும் ஜந்துக்களுக்கு ஒத்துவராது, அதனால் சிப்பி இப்படிப் பெருகிக் கிடக்கிறது என்று விளக்கிக்கொண்டிருந்தேன். யார் கேட்டார்கள்? எல்லோருக்கும் வண்டிக்குள் திரும்பப் போக வேண்டுமே என்ற கவலை.

அடுத்த ஊர் டென்ஹமில் கேசட்டை இழுத்துக்கொண்டு நடந்தேன். பின்னால் மாமா. "வரட்டும்… வரட்டும்… ரைட்ல ஒடிங்க… ஹோல்டான்!" கவிழ்த்தேன். காற்று போக ஒரு பொத்தானை அமுக்கிக்கொண்டு கவிழ்க்க வேண்டுமாம், எனக்குத் தெரியாது. குபுக் குபுக் என்று திமிறி என் செருப்பு வரை வந்தது. பக்கத்து கேரவன் வெள்ளைக்காரத் தாத்தா ஓடிவந்து பொத்தானைக் காட்டிவிட்டு, மிக மரியாதையாகச் சிரிப்பை அடக்கிக்கொண்டு திரும்பிப் போனார்.

மறுநாள் காலை வாடை இரண்டு மடங்காகியிருந்தது. கார்னார்வன் போய்ச் சேர்ந்ததும் மறுபடி காலி செய்தேன், மருந்து நீலமாகக் கலக்கி ஊற்றினேன். அங்கே காஸ்கோயின் ஆறு, வருடத்தில் பெரும்பாலும் தண்ணீர் மணலுக்கு அடியில்தான் ஓடும். அதை நம்பித்தான் வாழைத்தோட்டங்கள். "ஊத்து தோண்டினா வரும்லா, அதே கதைதான்" என்று மாமா ஒரே வரியில் முடித்துவிட்டு ஒரு பெரிய பை வாழைப்பழம் வாங்கினார்.

அந்தப் பழம்தான் காப்பாற்றியது. வைக்க இடம் தேடி என் மனைவி சாப்பாட்டு மேஜைப் பெஞ்சின் மூடியைத் தூக்கினாள். உள்ளே ஐந்து லிட்டர் வாளி. மூடி ஒரு பக்கம் எழும்பி நின்றது, அதற்குக் கீழே மாவு வழிந்து, காய்ந்து, மறுபடி வழிந்து, அவளுடைய கான்வாஸ் ஷூவை நிரப்பியிருந்தது. வாளிக்குள் இன்னும் கொப்புளம் விட்டுக்கொண்டிருந்தது, டப் டப் என்று.

"பிரிட்ஜ்ல இடமில்ல. சொன்னா வேண்டாம்பீங்க. எக்ஸ்மவுத் போனதும் சுடச்சுட இட்லி ஊத்தலாம்னு…" அத்தை முடிக்கவில்லை.

"ஏட்டி, ரெண்டு நாளா மாப்ளைய கக்கூஸ் கழுவ விட்டுட்டு நீ மாவையா ஒளிச்சு வச்சே?" மாமா அத்தையை அதட்டி அன்றுதான் பார்த்தேன். அத்தைக்கு அந்த உளுந்து வீணாப்போச்சே என்ற துக்கம்தான் பெரிதாக இருந்தது.

எக்ஸ்மவுத் அருமை. நிங்கலூ பவளத்திட்டு கரையிலிருந்து நீந்திப் போகிற தூரத்தில்தான். தெருவில் ஈமு கோழிகள் சாவகாசமாக நடக்கின்றன, மாமா அவற்றுக்கும் விரல் காட்டினார்.

திரும்பி வந்து, டெட்டால், எலுமிச்சை, ஊதுபத்தி எல்லாம் போட்டு வண்டியை ஒப்படைத்தோம். அங்கிருந்த பையன் உள்ளே தலையை விட்டான், மூக்கைச் சுருக்கினான்.

"கேசட்டைக் காலி பண்ணவே இல்லையா?"

நான் அத்தையைப் பார்த்தேன். அத்தை வெளியே ஏதோ மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.