கூட்டத்தில் தோற்ற கருத்து

சிறுபான்மைக் கருத்து ஒன்று எடுபட்டதா இல்லையா என்பதைக் கூட்டம் முடிந்த கையோடு முடிவுகட்டிவிடுகிறோம். அது வேலை செய்வதே அதற்குப் பிறகுதான் என்பது என் அனுபவம்.

காப்பீட்டுக் கோரிக்கைகளைப் பரிசீலிக்கும் பிரிவில் இருந்தேன். கோரிக்கை நிராகரிக்கப்பட்டால் "விதிகளின்படி ஏற்க இயலாது" என்ற ஒற்றை வரிதான் போகும். எந்த விதி, ஏன் என்று எழுத வேண்டும் என்று சொன்னவர்கள் இருவர் மட்டுமே, இருவரும் இளையவர்கள். அவர்களில் ஒருவர் ஒவ்வொரு வாரக் கூட்டத்திலும், அனுப்பப்பட்ட கடிதம் ஒன்றை நிதானமாக வாசிப்பார். "இதைப் படிப்பவருக்கு என்ன புரியும், சார்?" என்பார். குரல் உயராது, கேள்வியும் மாறாது. மேலாளர் வேலைப்பளுவைக் காரணம் காட்டுவார். பேச்சு அடுத்த விஷயத்துக்குப் போய்விடும்.

சமூக உளவியலாளர் செர்ஜ் மொஸ்கோவிச்சி குழுவினர் 1969இல் வெளியிட்ட ஆய்வு இதை எனக்குப் புரியவைத்தது. அறுவர் கொண்ட குழுவுக்கு நீல நிறப் படவில்லைகள் (ஸ்லைடுகள்) 36 காட்டப்பட்டு, நிறம் கேட்கப்பட்டது. ஆய்வாளர் அமர்த்திய இருவர் எல்லாவற்றையும் "பச்சை" என்றார்கள். மற்ற நால்வரின் பதில்களில் 8.42 சதவீதம் பச்சைக்கு மாறியது. வேறு குழுக்களில் அப்படி அமர்த்தப்பட்ட இருவர் 24 முறை பச்சை, 12 முறை நீலம் என்று மாற்றிச் சொன்னபோது அது 1.25 சதவீதமாகச் சுருங்கியது. உறுதி குலைந்ததும் செல்வாக்கும் போயிற்று. அதைவிட முக்கியமானது அடுத்த கட்டம். நீலத்துக்கும் பச்சைக்கும் இடைப்பட்ட நிறங்களைத் தனித்தனியே காட்டிக் கேட்டபோது, குழுவில் ஒருமுறைகூடப் பச்சை என்று சொல்லாதவர்களிடமும் பார்வை பச்சைப் பக்கம் நகர்ந்திருந்தது.

எங்கள் பிரிவிலும் அப்படித்தான். தீர்மானம் எதுவும் நிறைவேறவில்லை. ஆனால் மறுத்துப் பேசியவர்களின் வரைவுகளிலேயே விதி எண்ணும் காரணமும் தலைகாட்டத் தொடங்கின. மூத்தவர் ஒருவர், "காரணத்தை எழுதிவிட்டால் விளக்கம் கேட்டு வரும் தொலைபேசி அழைப்புகள் குறையும்" என்று தன் யோசனையாகவே சொன்னார். அந்த இளைஞர்களின் பெயரை யாரும் எடுக்கவில்லை. எனக்கு அது இன்றும் உறுத்துகிறது.

எதிர்த்துப் பேசுவதற்கென்றே ஒருவரை நியமிக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அதில் எனக்கு நம்பிக்கை இல்லை. உளவியலாளர் சார்லன் நெமெத் குழுவினரின் 2001ஆம் ஆண்டு ஆய்விலும், உண்மையாகவே மாறுபட்டவரின் பேச்சுதான் மற்றவர்களை அதிகம் யோசிக்க வைத்தது. வேடம் ஏற்றவரின் பேச்சு அந்த அளவுக்கு எடுபடவில்லை.

இப்போது கூட்டக் குறிப்பு எழுதும் பொறுப்பு என்னுடையது. முடிவோடு நிறுத்துவதில்லை; மறுத்தவர் பெயரையும் அவர் சொன்ன காரணத்தையும் அவருடைய சொற்களிலேயே பதிவு செய்கிறேன்.