7 பார் ஏறத் திணறிய கம்ப்ரஸர்: பழுது கண்டதும் பாகம் வாங்கியதும்

200 லிட்டர் டேங்க், இரட்டை நிலை பிஸ்டன் கம்ப்ரஸர்: காற்றைத் தாழ்நிலை, உயர்நிலை என இரண்டு சிலிண்டரில் அடுத்தடுத்து அமுக்கும். 5 பார் (அழுத்த அளவு) வரை ஏறும், அதற்கு மேல் திணறும். மோட்டாரை நிறுத்தினால் பிரஷர் ஸ்விட்சுக்கு (அழுத்தத்தைப் பார்த்து மோட்டாரை ஓட்டி நிறுத்துவது) கீழே ‘உஸ்’ என்ற சத்தம் அடங்காது. இந்த நிலையில் பலரும் முதலில் பிஸ்டன் ரிங் செட் வாங்கி வந்துவிடுவார்கள். நாங்கள் முதலில் எடுத்தது கடிகாரம்.

டேங்க் வெளிவழி வால்வை மூடிவிட்டு, 0-விலிருந்து 7 பார் ஏற எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்தோம். 11 நிமிடம். அமுக்காத வெளிக்காற்றின் கணக்கில் 200 × 7 = 1400 லிட்டர்; நிமிடத்துக்கு ஏறத்தாழ 127 லிட்டர். நல்ல நிலையில் இதே இயந்திரம் 6 நிமிடத்தில் நிரப்பியது, அதாவது 233 லிட்டர். வெளிவழி மூடியிருக்கும்போதே இவ்வளவு குறைந்தால் கோளாறு லைனில் (டேங்கிலிருந்து இயந்திரங்களுக்குப் போகும் குழாய்கள்) மட்டும் இல்லை, ஹெட்டிலும் (சிலிண்டரின் மேல் வால்வுகள் இருக்கும் பகுதி) இருக்கிறது. பிறகு வால்வைத் திறந்து, மோட்டாரை நிறுத்தி, இயந்திரங்கள் எதையும் ஓட்டாமல் விட்டதில் 4 நிமிடத்தில் 7 பார் 6 ஆனது. நிமிடத்துக்கு 50 லிட்டர் வீண்.

இரட்டை நிலையில் எந்த வால்வு போயிற்று என்பதை ஹெட்டைக் கழற்றாமலே ஓரளவு சொல்லிவிடலாம். ஓடும்போது ஏர் ஃபில்டர் வாயில் கை வைத்தால் காற்று திருப்பி ஊதுகிறதா? அப்படியானால் தாழ்நிலை சிலிண்டரின் சக்‌ஷன் வால்வு. இன்டர்கூலரின் (இரண்டு சிலிண்டருக்கும் நடுவே காற்றைக் குளிர்விக்கும் குழாய்) சேஃப்டி வால்வு அடிக்கடி பீறிடுகிறதா? அப்படியானால் உயர்நிலை வால்வு. அமுக்கிய காற்று பின்வாங்கி நடுக்குழாயில் சேர்கிறது. எங்களுடையது இரண்டாவது.

கழற்றும் முன் ஒரு எச்சரிக்கை. டேங்கைக் காலி செய்யாமல் டெலிவரி குழாயில் (ஹெட்டிலிருந்து டேங்குக்குப் போவது) ஸ்பேனர் வைக்கக் கூடாது. செக் வால்வு (டேங்க் காற்றைத் திரும்ப விடாத ஒருவழி வால்வு) கெட்டிருந்தால் அந்தக் குழாயிலும் டேங்கின் முழு அழுத்தம் நிற்கும்.

உயர்நிலை டிஸ்சார்ஜ் வால்வின் இருக்கையில் (வால்வு பொருந்தி அமரும் இடம்) கெட்டியான கரி. காரணம், யாரோ இன்ஜின் ஆயிலை ஊற்றியிருந்தார்கள். அதிலுள்ள சேர்மங்கள் சூட்டில் வால்வின்மேல் படிந்துவிடும், ஈரத்தோடு கலந்து குழம்பாகவும் ஆகும். இந்த வகைக்கு விஜி 100 (எண்ணெயின் பிசுபிசுப்பைக் குறிக்கும் எண்) கம்ப்ரஸர் ஆயில்தான். தடித்த கண்ணாடிமேல் 400, பிறகு 600 எமரி தாளை வைத்து வால்வு பிளேட்டை எட்டு வடிவில் தேய்த்து, இருக்கையில் மண்ணெண்ணெய் ஊற்றி மறுபக்கம் கசிகிறதா என்று பார்த்தோம். வளைந்த ரீடை (வால்வில் திறந்து மூடும் மெல்லிய தகடு) தேய்த்துப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். கேஸ்கட்டும் பழைய தடிமனிலேயே இருக்க வேண்டும்: தடித்தால் காற்று குறையும், மெலிந்தால் பிஸ்டன் பிளேட்டில் இடிக்கும்.

அந்த ‘உஸ்’ சத்தம் தனிக் கோளாறு. மோட்டார் நின்றதும் அன்லோடர் (டெலிவரி குழாயில் மிஞ்சிய காற்றை வெளியேற்றும் சிறு வால்வு) இரண்டு மூன்று நொடி ஊதிவிட்டு அடங்க வேண்டும். அடங்காவிட்டால் அன்லோடரைக் குறை சொல்லாதீர்கள். டேங்க் வாயிலுள்ள செக் வால்வு பிடிக்கவில்லை, டேங்க் காற்றுதான் திரும்பி வருகிறது. ஓடும்போது அங்கே கசிந்தால்தான் அன்லோடர்.

செக் வால்வு வாங்குவதுதான் தலைவலி. அதில் மூன்று மரைகள்: டேங்குக்கு, டெலிவரி குழாய்க்கு, அன்லோடர் குழாய்க்கு. மூன்றையும் தனித்தனியே அளக்க வேண்டும். மரையின் பெயரும் அதன் அளவும் ஒன்றல்ல. கால் இஞ்சு பி.எஸ்.பி (பிரிட்டிஷ் குழாய் மரை வகை) மரையின் வெளிவிட்டம் 13.16 மி.மீ, வெர்னியரில் 13 என்று பார்த்து அரை இஞ்சு கேட்டு வாங்கி ஏமாறுவது வழக்கம். அதே கால் இஞ்சில் என்.பி.டி (அமெரிக்க வகை) 13.7 மி.மீ. முன்னதில் இஞ்சுக்கு 19 மரை, பின்னதில் 18. மாற்றிப் போட்டால் சில சுற்றில் இறுகிவிடும். அரை இஞ்சு இன்னும் மோசம்: இரண்டிலும் 14 மரை என்பதால் ஒழுங்காக ஏறுவது போலவே இருக்கும். ஆனால் ஒன்றின் கோணம் 55 டிகிரி, மற்றதன் கோணம் 60. எத்தனை சுற்று டெஃப்லான் டேப் போட்டாலும் கசிவு நிற்காது. பிட்ச் கேஜ் (மரை இடைவெளி அளப்பது) இல்லாமல் கடைக்குப் போக வேண்டாம், பழைய பாகத்தையும் கையோடு கொண்டுபோங்கள்.

டேப்பை முதல் இரண்டு மரையை விட்டுவிட்டுச் சுற்ற வேண்டும். பிய்ந்த துணுக்கு சோலினாய்டு வால்வுக்குள் (மின்காந்தத்தால் இயங்கும் வால்வு) போனால் ஸ்பூல் (காற்றுவழியை மாற்றும் உள்தண்டு) சிக்கும். ஏசி காயிலில் பிளஞ்சர் (காந்தம் இழுக்கும் இரும்புத் தண்டு) முழுதாக இழுபடாமல் சிக்கினால் தொடக்க மின்னோட்டம் குறையாமல் நின்று காயில் எரியும். புதுக் காயில் மட்டும் மாட்டினால் அதுவும் எரியும்.

லைனில் சோப்பு நீர் தடவியதில் கசிந்தவை பெரும்பாலும் புஷ் பிட்டிங்குகள் (டியூபைச் செருகினாலே பிடித்துக்கொள்ளும் இணைப்பு). 6 மி.மீ டியூபைக் கால் இஞ்சு பிட்டிங்கில் செருகியிருந்தார்கள், அது 6.35 மி.மீக்கானது. மற்றவற்றில் டியூப் சாய்வாக வெட்டப்பட்டிருந்தது. நுனியை நேராக வெட்டிச் செருகியதும் நின்றது. 5/2 வால்வு (ஐந்து வாய், இரண்டு நிலை கொண்டது; காற்று சிலிண்டரை இரு பக்கமும் இயக்கும்) ஒன்றின் எக்ஸாஸ்டில் ஓயாத கசிவு. சிலிண்டரில் காற்று ஏறாத பக்கத்து டியூபைக் கழற்றியதும் சிலிண்டர் வாயிலிருந்தே காற்று வந்தது. போனது பிஸ்டன் சீல். வால்வு வாங்கும் செலவு மிச்சம். சீல் கிட் கேட்கும்போது போர் (சிலிண்டரின் உள்விட்டம்), ராடு விட்டம் இரண்டையும் சொல்ல வேண்டும்.

இப்போது 7 பார் ஏற ஆறரை நிமிடம். லைன் திறந்த நிலையில் 1 பார் இறங்க 20 நிமிடம், அதாவது நிமிடத்துக்கு 10 லிட்டர். மிச்சக் கசிவு ஒரு ஹோஸின் குவிக் கப்ளரில் (சட்டென மாட்டிக் கழற்றும் இணைப்பு) இருக்கிறது. உள்ளே உள்ள ஓ ரிங் தேய்ந்திருக்கிறது, அளவெடுத்து வைத்திருக்கிறோம்.